நஞ்சுக்கு மருந்தென்று பெயர்!

விடியற்காலையில் வீட்டுத் தோட்டத்துள் நுழையும் ஒருவர், கத்தரிச் செடியின் இளந்தளிர் வாடித் தொங்குவதைக் காண்கின்றார். தண்டினுள் புழு துளைத்திருக்கின்றது. அடுத்த பாத்தியில் வெண்டையிலையின் அடிப்புறம் முழுதும் அசுவினி அப்பியிருக்கின்றது. உடனே கடைத்தெருவிற்கு விரைகின்றார். “கத்தரிக்கு ஒரு மருந்து கொடுங்கள்” என்கின்றார். “புதிய மருந்து வந்திருக்கின்றது; ஒரு மூடி போதும்” என்று கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து நீட்டுகின்றார். இருவரும் பேசியவை ஓரிரு சொற்றொடர்களே. அவற்றுள் இருமுறை ‘மருந்து’ வந்துவிட்டது. ஆனால் அவர்கள் கைமாற்றிக்கொண்ட பொருள் மருந்தன்று, நஞ்சு!

இதனை எவரும் ஆய்ந்து கண்டுபிடிக்க வேண்டுவதில்லை. புட்டியின் மேலேயே அது பொறிக்கப்பெற்றிருக்கின்றது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், அதன்வழி 1971-இல் வகுக்கப்பெற்ற நெறிகளும், இந்நாட்டில் விற்கப்பெறும் பூச்சிக்கொல்லிகளின் உறைமேல் அவற்றின் கொடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களுள் ஒன்றைப் பொறிக்க வேண்டுமென்கின்றன. சிவப்புக் குறியுடையதன்மேல் மண்டையோடும் குறுக்கெலும்பும் இருத்தல் வேண்டும். ‘நஞ்சு’ என்னும் சொல்லும் இருத்தல் வேண்டும். சட்டம் நஞ்சென்கின்றது, புட்டி நஞ்சென்கின்றது, அதனைச் செய்த குழுமமே நஞ்சென்று அச்சிட்டு விற்கின்றது. காசு கொடுத்து வாங்கும் தமிழனோ அதனை மருந்தென்கின்றான்!

மருந்தென்பது யாது? நோயைத் தணிப்பது; உயிரைக் காப்பது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்பதே பெயர். ஆங்கு வள்ளுவர் வலியுறுத்துவன அளவறிந்து உண்டலும், நோயின் முதலை நாடி அதனைத் தணித்தலுமே. கொல்லும் பொருளுக்கு அவ்வதிகாரத்தில் இடமில்லை. கொல்வதைக் குறிக்கத் தமிழில் வேறு சொல் உண்டு. பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி. களையைக் கொல்வது களைக்கொல்லி. பொருளும் சொல்லும் பொருந்திய இந்நற்சொற்கள் கையிலிருக்க, அவற்றை விடுத்துப் ‘பூச்சிமருந்து’ என்று வழங்குவது எவ்வாறு பொருந்தும்?

பொருந்தாமை மட்டுமன்று, கேடும் உண்டு. குழந்தையின் குடற்புழுவை நீக்க வாய்வழிக் கொடுப்பதையும் தாய்மார் ‘பூச்சிமருந்து’ என்றே சொல்கின்றனர். ஒரே வீட்டில், குழந்தையின் வாயில் ஊற்றுவதற்கும் அப்பெயர். கொல்லைச் செடியின்மேல் தெளிக்கும் நஞ்சிற்கும் அதே பெயர்! இதனினும் கொடிய சொல்மயக்கம் பிறிதொன்று உண்டோ?

“எப்பெயரால் அழைத்தால் என்ன? பூச்சி செத்தால் போதாதா?” என்று கேட்பாரும் உளர். அவர்கள் தெருக்கோடி வரை நடந்து சென்று கண்ணால் காணட்டும். மருந்தென்று நம்பியவன் கையுறை இடுவதில்லை. வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வதில்லை. குச்சியைத் தேடாது விரலாலேயே கலக்குகின்றான். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கின்றான். கொஞ்சம் கூட்டி ஊற்றினால் நோய் விரைவில் நீங்குமென்று எண்ணி ஒரு மூடிக்கு இரண்டு மூடி ஊற்றுகின்றான். எத்தனை நாள் கழித்துக் காய் பறித்தல் வேண்டும் என்னும் குறிப்பைப் படியாமல், மறுநாளே கீரையைக் கிள்ளிக் குழம்பில் இடுகின்றான். வெறும் புட்டியைக் கழுவி வீட்டுப் புழக்கத்திற்கு வைத்துக்கொள்கின்றான். இவற்றுள் ஒன்றையேனும், தான் கையிலெடுத்தது நஞ்சென்று நாவாற் சொல்லிப் பழகியவன் செய்வானா?

2013 சூலைத் திங்களில் பீகாரின் சாரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நண்பகல் உணவுண்ட குழந்தைகள் 23 பேர் மாண்டனர். அவ்வுணவிலும், சமைத்த எண்ணெயிலும் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாசு என்னும் பூச்சிக்கொல்லி. நஞ்சு இருக்க வேண்டிய இடமும் உணவு இருக்க வேண்டிய இடமும் வேறுபடாதொழியின் விளைவது இதுவே. இடத்தைப் பிரிக்குமுன் பெயரைப் பிரித்தல் வேண்டும்.

நஞ்சுக்கு நற்பெயர் சூட்டும் தீங்கு தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பதை 1939-இல் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர். அதற்காக 1948-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. அதுவும் மருத்துவத்திற்குரிய பரிசு! கொசுவையும் பேனையும் கொன்று காய்ச்சல்களைத் தடுத்தது என்பது அதற்குக் கரணியம். அந்நன்மை உண்மையே. ஆனால் அப்புகழைப் போர்வையாகக் கொண்டு அந்நஞ்சு வயலிலும் தோட்டத்திலும் வரைமுறையின்றிக் கொட்டப்பெற்றது. 1962-இல் இரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அறிவியல் அம்மையார் எழுதிய ‘மௌன வசந்தம்’ என்னும் நூல், அந்நஞ்சு மண்ணிலும் நீரிலும் தங்கிப் பறவையினத்தை அழிப்பதை எடுத்துக்காட்டிற்று. அவரும் பெயரில்தான் கைவைத்தார். இவை பூச்சியை மட்டும் கொல்வன அல்ல, உயிர் யாவற்றையும் கொல்வன, ஆகலின் உயிர்க்கொல்லி என்றே இவற்றை வழங்கல் வேண்டும் என்று அவர் வாதிட்டார். பத்தாண்டு கழித்து, 1972-இல், அமெரிக்கா தன் வயல்களில் டி.டி.டி.யைத் தடை செய்தது.

மேலை நாட்டார் வீட்டு முன்றிலில் வளர்க்கும் புல்தரையின் கதையும் இத்தகையதே. முன்னாளில் அவர்கள் புல்விதையோடு ‘கிளோவர்’ என்னும் மூவிலைச் செடியின் விதையையும் கலந்தே விதைத்தனர். பயறினத்தைச் சார்ந்த அச்செடி காற்றிலுள்ள நைட்ரசனை வேர்முடிச்சில் சேர்த்துப் புல்லுக்கு எருவூட்டியது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி 2,4-டி என்னும் களைக்கொல்லி வந்தது. அது புல்லை விட்டு அகன்ற இலைச்செடிகளைக் கொல்லும் இயல்பினது. ஆகவே மூவிலைச் செடியையும் கொன்றது. கொல்லியைக் குறைகூற வேண்டிய இடத்தில், நேற்றுவரை நண்பனாயிருந்த அச்செடிக்கே ‘களை’ என்று பெயர் மாற்றிவிட்டனர்! இலவயமாய்க் கிடைத்த எருவும் போயிற்று. கடையில் எருமூட்டை வாங்கும் செலவும் சேர்ந்தது. பெயரை மாற்றியவன் ஊதியம் கண்டான். பெயரை நம்பியவன் பையை அவிழ்த்தான்.

தோட்டப்பூச்சியைக் கொல்ல விற்கப்பெற்ற கார்பரில் என்னும் நஞ்சைச் செய்த ஆலையே போபாலில் இருந்தது. 1984 திசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் ஆங்கிருந்து வெளிப்பட்ட மீத்தைல் ஐசோசயனேட்டு உறங்கிக்கொண்டிருந்த மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மேல் வானூர்தியிலிருந்து ஆண்டுக்கணக்கில் தூவப்பெற்ற எண்டோசல்பானைத் தடுத்து நிறுத்த 2011-இல் உச்ச அறமன்றமே ஆணையிட வேண்டியதாயிற்று.

நஞ்சை நஞ்சென்று சொல்லத் துணிந்த ஊரும் உண்டு. கனடாவின் கியூபெக்கு மாநிலத்தில் மான்றியல் நகருக்கு அணித்தாய் அட்சன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் வாழ்ந்த சூன் இர்வின் என்னும் தோல் மருத்துவ அம்மையார், புல்தரையில் தெளிக்கப்பெறும் நஞ்சுகளால் மக்கள் நோயுறுகின்றனர் என்று 1985 முதல் ஊர்மன்றத்தின் கூட்டந்தோறும் சென்று முறையிட்டார். ஈராண்டல்ல, மூவாண்டல்ல, ஆறாண்டு முறையிட்டார். 1991-இல் அவ்வூர்மன்றம், அழகு ஒன்றற்காகவே இந்நஞ்சுகளைத் தெளித்தல் கூடாதென்று சட்டம் இயற்றிற்று. நஞ்சு தெளிக்கும் குழுமங்கள் வழக்காடின. ஒரு சிற்றூருக்கு இத்துணை உரிமை உண்டோ என்று வினவின. பல்லாண்டு நடந்த அவ்வழக்கில், 2001 சூன் 28-ஆம் நாள் கனடாவின் உச்ச அறமன்றம், ஊருக்கு அவ்வுரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2003-இல் கியூபெக்கு மாநிலமும், 2009-இல் ஒண்டாரியோ மாநிலமும் அழகுக்காகத் தெளிக்கும் நஞ்சுகளைத் தடுத்தன. ஒருவர் விடாது சொன்ன உண்மை இரு மாநிலங்களின் சட்டமாயிற்று என்பதைத் தமிழர் உணர்தல் வேண்டும்.

“நஞ்சின்றித் தோட்டம் பிழைக்குமா?” என்பது அடுத்த வினா. தமிழகமே விடை கூறியுள்ளது. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயலகப் பூச்சி கோவைப் பகுதியில் தோன்றிப் பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை, செம்பருத்தி என்று பாராது அழித்தது. உழவர் கொல்லிகளை மாற்றி மாற்றித் தெளித்தனர். மெழுகுப் போர்வையுள் மறைந்த பூச்சி அடங்கவில்லை. 2010-இல் புவெர்ட்டோ இரிக்கோவிலிருந்து அப்பூச்சியின் இயற்கை எதிரியாகிய மிகச்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொணர்ந்து விட்டனர். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அக்குளவி, மாவுப்பூச்சியினுள் முட்டையிட்டு அதனை அடக்கிற்று. புட்டிகள் செய்ய இயலாததை ஒரு சிற்றுயிர் செய்தது! கொல்லியைத் தெளிக்குந்தோறும் இத்தகைய நட்புயிர்களே முதலில் மடிகின்றன. காவலர் மடிந்தபின் கள்வர் பெருகுவது இயல்பன்றோ?

அசுவினியைப் பொறிவண்டும் அதன் புழுவும் தின்னும். நீரை விசையாய்ப் பீய்ச்சினாலும் அசுவினி உதிரும். கத்தரித் தண்டுத்துளைப்பானுக்கு, வாடிய தளிரைப் புழுவோடு கிள்ளி அழித்தலே முதல் வேலை. வெள்ளை ஈக்கு மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். வேர்முடிச்சு நூற்புழு உள்ள பாத்தியில் செண்டுமல்லி நடலாம். எல்லாவற்றினும் மேலாக வேம்பு உள்ளது. வேப்பம் பருப்பை இடித்த தூள் 50 கிராமை ஓர் இலிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, இலையில் ஒட்டுதற்குச் சோப்பு என வழங்கும் வழலைக் கரைசல் சிறிது சேர்த்து, மாலையில் தெளித்தல் வேண்டும். வெயில் அதன் ஆற்றலைக் குறைக்குமாதலின் மாலையே ஏற்றது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சியைத் தின்னவொட்டாது தடுக்கும். தோலுரித்து வளரவும் விடாது.

புல்தரை விரும்புவோர்க்கும் வழி உண்டு. வெப்ப நாடுகளின் ஆடுகளங்களில் பெர்முடாப் புல் என்று போற்றி வளர்க்கப்பெறுவது, தமிழர் வயல்வரப்பில் மிதிபடும் அருகம்புல்லே. அதனை ஒரே முறையில் மூன்றிலொரு பங்கிற்குமேல் வெட்டலாகாது. வெட்டிய துணுக்கு அங்கேயே மட்கட்டும், அதுவே எரு. நாடோறும் மேலோட்டமாகத் தெளியாது, இடைவிட்டு ஆழ நனைத்தால் வேர் கீழிறங்கும். அடர்ந்த புல்லிடைக் களைக்கு இடமேது? எஞ்சிய கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்கக் கைக்கொத்து ஒன்று போதும்.

இயற்கையானதெல்லாம் தீங்கற்றது என்பதும் பொய்யே. புகையிலைக் கரைசல் செடியிலிருந்து வருவதுதான். எனினும் அதிலுள்ள நிக்கோட்டின் கொடிய நஞ்சு. அதனையும் நஞ்சென்றே சொல்லல் வேண்டும். வேண்டுவது உண்மையான பெயர். அது கடைச்சரக்காயினும் கொல்லைச்சரக்காயினும் ஒன்றே.

வேம்பின் அருமையை அயலார் அறிவர். 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் மரஞ்செடிகளை மொட்டையாக்கியும் வேம்பைத் தீண்டாது சென்றதைக் கண்ட செருமானியப் பூச்சியியல் அறிஞர் ஒருவர் அதனை ஆய்வுப் பொருளாக்கினார். 1994-இல் அமெரிக்க வேளாண்துறையும் ஒரு குழுமமும், வேப்பெண்ணெயால் பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் காப்புரிமையே பெற்றுவிட்டன! அம்முறை இந்நாட்டு மக்கள் முன்னரே அறிந்ததென்று போராடியதன் பின்னர், 2000-இல் அவ்வுரிமை நீக்கப்பெற்றது; மேல்முறையீடும் 2005-இல் தள்ளப்பெற்றது. அயலான் உரிமை கொண்டாட வந்த அவ்விதை, தமிழன் வாயிலில் உதிர்ந்து குப்பையோடு பெருக்கப்பெறுகின்றது. அவனோ சிவப்புக் குறியிட்ட புட்டியை ‘மருந்து’ என்று வாங்கி வருகின்றான்!

இந்நிலை மாறல் வேண்டும். கடைக்காரர் ‘மருந்து’ என்றால், ‘நஞ்சு’ என்று திருத்துக. வேளாண் அறிவிப்பிலும் பள்ளிப் பாடத்திலும் ‘பூச்சிமருந்து’ என்னும் பொய்ச்சொல் வருமாயின், நீக்கக் கோருக. வீட்டிலே பிள்ளைகள் முன் ‘மருந்தடித்தேன்’ என்னாது, ‘நஞ்சு தெளித்தேன்’ என்று உரக்கச் சொல்லுக. அவ்வாறு ஒருமுறை வாய்விட்டுச் சொன்னவன், அடுத்த முறை அப்புட்டியைத் தொடுமுன் தயங்குவான். அத்தயக்கம் அவனை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்லும்.

சொல்லைத் திருத்துக, கை தானே திருந்தும்!