லங்காவி ‘டைம்ஷேர்’: பெரிய விடுதியா, சிறிய விடுதியா?

யான்: பந்தாய் மூர்னியில் கால் நனைத்து மாலையே வீடு திரும்பும் குவார் செம்பெடாக் குடும்பங்களுக்கு லங்காவியில் நான்கு நாள் தங்குவது பெரிய செலவு. அந்த ஆசைக்குத்தான் ‘டைம்ஷேர்’ விற்கப்படுகிறது.

பெர்ஜாயா போன்ற பெரிய குழுமமென்றால் ஊர் மாற்றித் தங்கலாம் என்கிறது ஒரு தரப்பு. ஆனால் பள்ளி விடுமுறை எல்லா வீட்டுக்கும் ஒன்றாகத்தான் வருகிறது; அறைக்கு முந்த வேண்டும்.

சிறிய கடற்கரை விடுதியில் முகம் தெரிந்த உபசரிப்பு உண்டு, கட்டணமும் குறைவு என்பது மறுதரப்பு. அது கைமாறினால்?

உண்மையில், அளவைவிட ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமே முக்கியம். போகாத ஆண்டுக்கும் அதைக் கட்ட வேண்டும். ரப்பர் விலை இறங்கினாலும் அது இறங்காது.

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்திட்டங்கள் எஸ்எஸ்எம்மில் பதிவாக வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். விடுதியே மூடப்பட்டபின் தீர்ப்பைக் காட்டி யாரிடம் வசூலிப்பது?