கருவியா, ஆசிரியரா?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை 'மந்தம்' என்று ஒதுக்குவது பழைய பாவம். அதன் கையில் திரையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்பது புதிய பாவம்.

1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள் 'கற்பிக்கத்தக்கவர்' என்னும் சொல்லால் பலரை வாயிலிலேயே நிறுத்தின. 2013இல் விதிகள் மாறின, மனப்போக்கு மாறிற்றா? 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சு நாடளாவ ஆராய்ந்த மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் கருவியே இல்லை. ஆயினும் கருவியே மருந்தென்பர்!

இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் மயங்கும் குழந்தைக்குத் திரை தவற்றைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. விரல் பிடித்து மணலில் எழுதுவித்து, உரக்கச் சொல்வித்து, பொறுத்திருந்து காரணம் காண்பவர் சிறப்புக் கல்வி ஆசிரியரே. கருவி அவர் கைக்கோலாகட்டும். அவர் இடத்தைக் கவர வேண்டா. பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஆசிரியர் முதலில், கருவி பின்னரே!