உறைநிலைக்கு ஒரு பாடவேளை

தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கிய நாடகம் முடிகிறது. எல்லோரும் கையை உயர்த்தி, மேலே பார்த்தபடி அசையாமல் நிற்கிறார்கள். திரை விழுகிறது. பாடசாலை அரங்கில் உறைநிலைக்குக் கிடைத்திருக்கும் இடம் பெரும்பாலும் இவ்வளவுதான். நாடகமும் அரங்கியலும் வகுப்பிலும் ‘சமாதானம்’, ‘சுற்றாடல்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, பத்து எண்ணுவதற்குள் நிற்கச் சொல்லி, நின்றதும் அடுத்த குழுவை அழைத்துவிடும் வழக்கம் உண்டு. அசையாத உடல்களைக் கொண்டு ஒரு கதையை முழுமையாகச் சொல்லிவிடலாம் என்பதை மாணவர் அறியாமலே பரீட்சைக்குப் போகிறார்கள்.

1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டமொன்றில் பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போல் வேலை செய்தார். கேள்விகளுக்குச் சொல்லால் அல்லாமல் புகைப்படத்தால் விடை தரும்படி மக்களைக் கேட்டார்கள். ‘சுரண்டல் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஆணியைப் படம் பிடித்துவந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றச் சிறுவர்களோ உடனே ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் சப்பாத்துத் துடைத்துப் பிழைப்பவர்கள், வீடு தொலைவில். பெட்டியை இரவில் மாட்டிவைக்கக் கடைச்சுவரில் ஓர் ஆணியை வாடகைக்கு எடுக்கவேண்டியிருந்தது. போலின் படிம அரங்கும் இதே பெரு அனுபவத்தில் வேர்கொண்டது. ஒருவர் மற்றவர்களின் உடல்களைக் களிமண் போல வளைத்து, உள்ள நிலையைக் காட்டுவார். பிறகு வேண்டும் நிலையை. பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியை.

போல் 2009 மே 2ஆம் திகதி காலமானார். செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம் நிரம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த ஆண்டில் போரால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. இன்று தரம் பத்து, பதினொன்றில் படிப்போர் அந்நாட்களையொட்டியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள். முகாம் அவர்களுக்கு வீட்டார் பேச்சில் துண்டு துண்டாக வந்து சேர்ந்த ஒன்று. ஐந்து பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, ஒரு தோள் சரிந்து, விரல்களை மடக்கி, ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியூரவருக்கு அது ஒரு வரிசை. இங்குள்ள ஒரு தாய்க்கோ அது பவுசருக்குக் காத்திருந்த தண்ணீர்க் கான்.

ஆகவே படத்தைச் செய்தவர்களிடம் விளக்கம் கேட்க அவசரப்படவேண்டாம். பார்த்தவர்கள் முதலில் சொல்லட்டும். யார் யாரைப் பார்க்கிறார்? யாருக்கும் யாருக்கும் இடையில் வெளி கூடிக் கிடக்கிறது? யார் தரையோடு இருக்கிறார்? இதற்கு ஒரு நிமிடம் முன் என்ன நடந்தது? அதற்குப் பிறகுதான் ஆசிரியர் ஒருவரின் தோளைத் தொடவேண்டும். தொடப்பட்டவர் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம்.

செட்டிகுளம் புகையிரத நிலையத்தையே எடுத்துப் பாருங்கள். 1990இல் தலைமன்னார்ப் பாதையில் ஓட்டம் நின்றது. 2013 மே மாதம் மடு வீதி வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் வண்டி மீண்டும் ஓடியது. வண்டி நின்ற நாள், வண்டியே இல்லாத காலம், வண்டி திரும்பிய நாள் என்று மூன்று படங்கள். முதலாவதையும் மூன்றாவதையும் எந்தக் குழுவும் செய்துவிடும். நடுப்படத்தில்தான் கற்றல் இருக்கிறது. வராத ஒன்றை உடலால் எப்படிக் காட்டுவது? தண்டவாளத்தில் மாடு கட்டலாமா, மேடையில் ஒருவரை மட்டும் நிறுத்தலாமா, எல்லோரும் முதுகைக் காட்டலாமா என்று மாணவர் வாதிடும்போது அவர்கள் நெறியாளராகவே யோசிக்கிறார்கள். அந்த வாதத்துக்கு நேரம் விடுங்கள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு மிக மெதுவாக, சத்தமின்றி நகரச் செய்தால் இருபத்துமூன்று வருடங்கள் ஒரு நிமிடத்தில் கண்முன் கடந்துபோகும்.

ஓர் எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். ‘முகாமில் உங்கள் குடும்பத்துக்கு என்ன நடந்தது, காட்டு’ என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக்கூடாது. பேச்சில் மறைத்துக்கொள்ளக்கூடியதை உடல் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு பாடவேளை போதாது. கதை வழியாகப் போவது பாதுகாப்பு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து நம் கையிலேயே இருக்கிறது. பாண்டியன் முன் கண்ணகி நிற்கும் இடத்தை மூன்று குழுக்களிடம் கொடுங்கள். இழப்பும் நீதியும் அதற்குள் தாமாக வரும். யாருடைய வீட்டுக் கதையும் வெளியில் இழுக்கப்படாது. பிள்ளைகள் உறைந்து நிற்கும்போது கைபேசியில் படம் பிடித்து முகநூலில் போடுவதையும் நிறுத்தவேண்டும். அந்தப் படம் அந்த வகுப்புக்குரியது.

வன்னி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். வரும் தவணையில் போட்டிப் பயிற்சியைத் தொடாத ஒரு பாடவேளையை உறைநிலைக்கு ஒதுக்குங்கள். மாணவர் எந்தப் படத்தைச் செய்தார்கள், பார்த்தவர்கள் அதில் என்ன கண்டார்கள் என்பதைப் பெயர்கள் இல்லாமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.