கார்த்திகையில் பில்டர் மாற்ற வேண்டும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

ஆவணியில் வந்துவிட்டுப் போனவன் எழுதுகிறேன். பாதிப் பேரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். கோபம்தான் காரணம். திருச்சியில் விமானம் ஏறிய பிறகும் அது தணியவில்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்குவதைவிட எழுதிவிடுவது மேல்.

நம் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கிக் கொடுத்தோம். இங்கே சிங்கப்பூரில் வேலை செய்கிற நம்மூர்ப் பிள்ளைகள் பதினோரு பேர் போட்ட பணம். அன்றைக்கு மாலை, சால்வை, பேனர் எல்லாம் இருந்தது. ஆவணியில் போய்க் குழாயைத் திருகினால் நூல் மாதிரி ஒழுகியது. பிள்ளைகள் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூடியைக் கழற்றினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பில்டர் செம்மண் நிறத்தில் கொழகொழவென்று கையில் ஒட்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஐநூறு ரூபாய்கூட ஆகாது. மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை.

யார் பொறுப்பு என்று டீச்சரைக் கேட்டேன். பள்ளி மேலாண்மைக் குழு என்றார். குழுவில் யார் யார் என்று கேட்டதும் தீர்மான நோட்டை எடுத்துக் கொடுத்தார். நாலாவது கையெழுத்து எங்கள் அண்ணியுடையது. வீட்டுக்கு வந்து கேட்டால், "மாசா மாசம் நோட்டு வரும் தம்பி, போட்டுக் குடுத்துருவேன்" என்கிறார். தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போட்ட கையெழுத்து ஒன்று. பக்கத்தில் மாவு விரல் பட்ட தடம் காய்ந்து அப்படியே இருக்கிறது.

அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது ஏழாம் வகுப்புப் பையன். வராத கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடலாம் என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுப்பது யார்? டீச்சரா? நாம்தான். "ஒரு பில்டருக்கு இத்தனை பேச்சா?" என்றார் சித்தப்பா. ஆமாம், இத்தனை பேச்சுதான். அதை மாற்ற ஆள் இல்லாத ஊரில் மதியச் சாப்பாட்டை ருசி பார்க்க ஆள் இருக்காது, கக்கூஸுக்குத் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பார்க்க ஆள் இருக்காது, பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டவும் ஆள் இருக்காது.

அண்ணியின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆவது பிரிவு இந்தக் குழுவைப் பற்றியது. நாலில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். சர்க்கார் கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும் அவர்கள் வேலை. தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு அண்ணி விட்டுக்கொடுத்தது அந்த அதிகாரத்தைத்தான்.

இங்கே என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நான் 40 மணி நேரம் தொண்டு செய்தேன். பள்ளியில் தொண்டு செய்த பெற்றோருக்கென்று சேர்க்கையில் ஒரு கட்டம் உண்டு. பதிவு நடக்கும் வருஷம் ஜூன் 30க்குள் முடித்திருக்க வேண்டும். காலையில் வாசலில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தேன். இடைவேளையில் கேன்டீனில் சின்னஞ்சிறுசுகள் காசை எண்ணிக் கொடுக்கக் கூடவே நின்றேன். முதலில் இடத்துக்காகத்தான் செய்தேன், மறைக்கவில்லை. ஆனால் இடம் கிடைத்த பிறகும் நான் நிற்கவில்லை. பெற்றோர் ஆதரவுக் குழுவில் மாதம் ஒருநாள் தமிழ்க் கதை வாசிக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதே பெருமைதான் ஆவணியில் முள்ளாகக் குத்தியது. ஊர்பேர் தெரியாத பிள்ளைகளுக்கு 40 மணி நேரம் கொடுத்தவன், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கு ஒரு மணி நேரம் கொடுத்ததில்லை. பணத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருந்தேன். அந்த மெஷின் அழுக்கேறி நின்றதில் எனக்கும் பங்கு உண்டு.

இங்கே ஆள் சேர்க்கிற விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். "விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று பொதுவில் சொன்னால் இங்கேயும் யாரும் வருவதில்லை. இன்னொரு பெற்றோர்தான் என்னிடம் நேரில் வந்தார். மாதம் ஒரு மணி நேரம், இன்ன நாள், இன்ன வேலை என்றார். அப்படிக் கேட்டால் மறுக்க வாய் வராது.

நம் ஜனம் வராத ஜனமா? கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் பள்ளி ஓட்டின் மேல் சாய்ந்த மரத்தை அறுக்க யார் நோட்டீஸ் அடித்தார்கள்? அவரவர் தென்னை விழுந்து கிடக்க, அரிவாளோடு வந்து நின்றீர்களே! காமராசர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கடிகாரமும் தூக்கிக்கொண்டு போனவர்கள் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தானே? வேலை கண்ணுக்குத் தெரிந்தால் கை நீளும். "கூட்டத்துக்கு வாங்க" என்றால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடவுக்குப் போன தாய் எப்படி வருவாள்? கூட்டத்தை அவள் கரையேறும் நேரத்துக்கு வைக்கச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு தாய், பக்கத்து வீட்டுத் தாயிடம் நேரில் போய் ஒரே ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். கதை சொல்லத் தெரிந்த ஆத்தாக்கள் வாரம் ஒருநாள் ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருங்கள். நோட்டு இனிப் பள்ளியை விட்டு வெளியே வர வேண்டாம். மார்கழியில் பதினைந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அரைப் பரீட்சை விடுமுறைக்கு முன்பே வந்து, தினமும் ஒரு மணி நேரம் பள்ளியில் இருப்பேன்.

மூடியைக் கழற்றிய அன்றைக்கே நான் புது பில்டர் மாட்டிவிட்டேன். அடுத்ததைக் கார்த்திகையில் மாற்ற வேண்டும். இரண்டு பில்டரும் ஸ்பேனரும் அண்ணி வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

உங்கள் பிள்ளை,
சிங்கப்பூரிலிருந்து