எங்கட எஞ்சினுக்கு ஹோர்ன் யார் செய்வது?

மாதிரி ரயில் செய்கிற பிள்ளைகள் கொழும்பில் எங்கே கூடினாலும் ஒரே முறைப்பாடுதான்: "எங்கட எஞ்சினுகளை ஒரு கம்பனியும் செய்யிறதில்லை." உண்மைதான். சின்னச் சந்தைக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பனி அச்சு வெட்டாது. ஆனால், முழு எஞ்சின் பெட்டியில் வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. ஹோர்ன், முன்விளக்கு, கூரை விசிறி மாதிரிச் சின்னச் சாமான்களை ரெசினில் நாங்களே வார்க்கலாம். அதற்கு முதல் சரியான அளவு வேணும். அந்த அளவு இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்தில்தான் இருக்கு.

எம்2 வகையை எடுத்துப் பாருங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கட்டிய ஜி12 எஞ்சின்கள் இவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இங்கே வந்தன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று பெயர். எங்கட சொந்தக்காரர் அங்கே போய்க் குடியேறுவதற்கு எவ்வளவோ காலம் முதலே அந்தப் பெயர்கள் வெள்ளவத்தைக் கடற்கரையால் ஓடித் திரிந்தன.

ஜி12 பல நாடுகளுக்குப் போன எஞ்சின். அதனால் வேறொரு நாட்டு ஜி12 மாதிரியை வாங்கி நிறம் அடித்தால் போதும் என்று சிலர் சொல்லுவினம். போதாது. எழுபது வருடத் திருத்த வேலையில் எங்கட எஞ்சின் ஒவ்வொன்றும் தனி முகம் எடுத்திருக்கு. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சுனாமியில் சிக்கிய கோச்சியை இழுத்தது 591, மனிற்றோபா. பிறகு அதைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். 591ஐச் செய்கிறவர் எந்த வருடத்து 591 என்று முடிவெடுத்தே ஆகவேணும். அதைக் காட்டுவது இந்தச் சின்னச் சாமான்கள்தான்.

"தண்டவாளமே பிழை, பிறகென்ன ஹோர்ன்?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கட பாதை 1676 மில்லிமீற்றர் அகலம். 1:87 அளவில் அது 19.3 வரவேணும், கடைத் தண்டவாளம் 16.5 தான். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. முகத்து விளக்கு பிழை என்றால், தினமும் கோச்சியில் போய்வருகிற ஆள் உடனே பிடித்துவிடும்.

வேலையும் பெரிய இரகசியம் இல்லை. பிளாஸ்ரிக் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ ஒரு மூலம் செய்யவேணும். அதைச் சுற்றிச் சிலிக்கோன் ஊற்றினால் அச்சு. இரண்டு பகுதி பொலியூரித்தேன் ரெசினைக் கலந்து, இறுகுமுன் சில நிமிடத்துக்குள் ஊற்றவேணும். ஒரு அச்சில் சில பத்துப் பிரதி எடுக்கலாம். எங்கட கூட்டத்துக்கு அது தாராளம். கவனம் ஈரப்பதனில். திறந்த போத்தல் ஈரத்தை உறிஞ்சினால் வார்ப்பு நுரைத்துப் போகும். கடற்கரைப் பக்க வீடுகளில் இது சாதாரணம். கையுறை, காற்றோட்டம், நல்ல முகமூடி மூன்றும் கட்டாயம். அதன் ஆவி நுரையீரலுக்குக் கூடாது.

எல்லாத்தையும் அச்சிடும் இயந்திரத்திலேயே எடுக்கலாமே என்பார்கள். ஒன்றிரண்டு வேணுமென்றால் அதுவே வசதி. முப்பது ஹோர்ன் வேணுமென்றால் ஒரு மூலத்தை நன்றாக அச்சிட்டு, தேய்த்து, மீதியை வார்ப்பதுதான் புத்தி. எந்த வழியில் போனாலும் அளவு பிழைத்தால் பிழையே முப்பது மடங்காகும்.

ஆகவே எங்கள் கோரிக்கை திணைக்களத்திடம்: வருடத்தில் ஒரு நாள், மேற்பார்வையோடு, அளவுநாடாவும் கமெராவும் கொண்டுவர இளையோருக்கு அனுமதி கொடுங்கள். பழைய வரைபடங்களின் பிரதிகளைத் திறந்து வையுங்கள். மர மூலம் செய்து மணலில் உலோகம் வார்த்த மூத்த தொழிலாளர்களைப் பேசவிடுங்கள். உலோகம் ஆறினால் சுருங்கும், மூலத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேணும் என்பது அவர்களுக்குக் கைவந்த கணக்கு. ரெசினும் கொஞ்சம் சுருங்கும்.

எங்களிடமும் ஒரு கோரிக்கை. எடுத்த அளவை ஒளித்து வைத்து வியாபாரம் பண்ண வேண்டாம். வார்த்த சாமானை விற்கலாம். அளவு எல்லாருக்கும் பொது. எஞ்சின் ஒருநாள் பழைய இரும்புக்குப் போகும். அதற்குப் பிறகு எந்த நாடாவைக் கொண்டு போனாலும் அளக்க ஒன்றும் இருக்காது.