வளர்ந்த பிள்ளைக்கு வேண்டியது அவகாசம்

உப்பளத்தில் எங்கள் தெருவில் சென்ற ஆண்டு ஏழு வார காலம் ஒரு சிறுமி வசித்தாள். வயது ஏழு. வட மாநிலக் காப்பகம் ஒன்றிலிருந்து வந்தவள். ஹிந்தி மட்டுமே அறிந்தவள். அவளைத் தத்தெடுக்கவிருந்த தம்பதியர் பிரான்ஸில் குடியேறிய புதுச்சேரித் தமிழர்கள். மனைவி என்னிடம் பொருளியல் பயின்றவர். மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் தடையின்மைச் சான்று கிடைத்த பின், இறுதி ஆணை வரும்வரை குழந்தையை இந்தியாவுக்குள் தங்களுடன் வைத்துக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. அந்த ஏற்பாட்டின்படி, மனைவியின் பெற்றோர் வீட்டில் மூவரும் தங்கியிருந்தனர்.

ஒரு மாலை இனிப்புப் பொட்டலத்துடன் அங்கே சென்றேன். சிறுமி ஓடி வந்து என் மடியில் ஏறி அமர்ந்தாள். நான் பூரித்துப் போனேன். என் மாணவியோ தயங்கியபடி, 'ஐயா, தவறாக எண்ண வேண்டாம். இன்னும் சில வாரங்களுக்கு அவளுக்கு உணவோ இனிப்போ நாங்கள் இருவர் மட்டுமே கொடுப்பதென்று இருக்கிறோம்' என்றார். பொட்டலத்தை மேசைமீது வைத்துவிட்டு வந்தேன். சற்று வருத்தம்தான். ஆனால், அந்த வீட்டுப் பாட்டியின் வருத்தம் என்னுடையதைவிடப் பெரிது: 'பேத்திக்கு ஒரு வாய் சோறு ஊட்டக்கூட எனக்கு உரிமை இல்லையா?'

பாட்டியின் கேள்வி நியாயமானது. நம் வீடுகளில் குழந்தை எல்லோருக்கும் பொது. பல கைகள் ஊட்டி வளர்வதே நலம் என்பது நம் வழக்கம். ஆனால், காப்பகத்தில் வளர்ந்த குழந்தைக்குப் பல கைகள் புதியனவல்ல. பணிமுறை மாறும்போதெல்லாம் மாறிய கைகளைத்தான் அது கண்டிருக்கிறது. முன்பின் அறியாதவர் மடியில் அது சட்டென ஏறி அமர்வதைப் பாசம் என்று கொள்ள முடியாது. யாராயினும் ஒருவரே என்ற நிலை அது. பசிக்கும் வலிக்கும் அச்சத்துக்கும் நாடிச் செல்ல வேண்டியவர் இன்னார் என்று முதலில் அது அறிய வேண்டும். தாத்தா பாட்டியும் அண்டை வீட்டாரும் அதன் பின்னரே.

இது வெறும் நம்பிக்கையன்று. 1990-களின் தொடக்கத்தில் ருமேனியக் காப்பகங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துச் சென்ற குழந்தைகளை மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாதங்களுக்கு மேல் காப்பகத்தில் கழித்தவர்கள் பலரிடம் பாதிப்புகள் பெரியவர்களான பின்னும் நீடித்தன. ஆயினும் அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் எந்தப் பாதிப்பும் இன்றி வளர்ந்தனர். லண்டனில் பார்பரா டிசார்ட் நடத்திய ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. இரண்டு வயதுக்குப் பின் தத்துச் சென்ற குழந்தைகளில் பெரும்பாலோர் புதிய பெற்றோருடன் ஆழ்ந்த பிணைப்பை அடைந்தனர். காலம் கடந்துவிட்டது என்ற தீர்ப்பு பிழையானது. காலம் பிடிக்கும் என்பதே உண்மை.

சரூ பிரயர்லியின் கதையைப் பலரும் அறிவர். ஐந்து வயதில் ரயிலில் வழிதவறிக் கொல்கத்தா சேர்ந்த காண்டுவாச் சிறுவன், 1987-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தத்துச் சென்று, 2012-இல் பெற்ற தாயைக் கண்டடைந்தான். அதே வீட்டுக்குப் பின்னர் வந்து சேர்ந்த இன்னொரு இந்தியச் சிறுவன் இணங்கிவர நெடுங்காலம் ஆயிற்று என்பதை அக்கதையைக் கொண்டாடுவோர் பேசுவதில்லை. பெற்றோர் அவர்களே, வீடும் அதுவே. ஆனால், இருவர் கொண்டுவந்த கடந்த காலம் வேறு.

வகுப்பறையில் நான் இதைத் தேவை, அளிப்பு என்ற சொற்களால் விளக்கியதுண்டு. நம் நாட்டில் தத்துக்காகப் பதிவுசெய்து காத்திருப்போர் முப்பதாயிரத்துக்கும் மேல். சட்டப்படி தத்துக்குரிய குழந்தைகளோ இரண்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையினர். அவர்களிலும் பலர் வளர்ந்தவர்கள், அல்லது சிறப்புக் கவனிப்பு வேண்டியவர்கள். நம்மவர் கேட்பது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, அறுபது நாள்களுக்குள் இந்தியப் பெற்றோர் கிடைக்காத குழந்தையே வெளிநாட்டுத் தத்துக்குரியதாகிறது. 2024-25-இல் நடந்த 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டிலேயே முடிந்தன என்பது மகிழ்ச்சிக்குரியது. எஞ்சிய 360 பேர் பெரிதும் நாம் வேண்டாம் என்றவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வெளிநாட்டுத் தத்து என்றாலே ஐயம் எழுவதற்கும் காரணம் உண்டு. குழந்தைகளைக் கடத்தித் தத்து நிறுவனம் வழியாக வெளிநாடுகளுக்கு அனுப்பிய கும்பல் சென்னையில் 2005-இல் பிடிபட்டது. நெதர்லாந்து 2024-இல் வெளிநாட்டுத் தத்தைப் படிப்படியாகக் கைவிட முடிவு செய்தது. அதே ஆண்டு சீனாவும் கதவை அடைத்தது. பிரான்ஸில் 2005-இல் நான்காயிரத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை, 2023-இல் இருநூறுக்கும் கீழ். இந்தியாவில் 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு தொடங்கி, 2003-இல் நாம் ஏற்ற ஹேக் உடன்படிக்கை வரை, விதிகள் யாவும் ஆள்கடத்தலைத் தடுக்கவே முனைந்தன. அது தேவையே. ஆனால், தடுப்பதற்கென எழுந்த விதிகளில் பிணைப்புக்கான இடம் சுருங்கிவிட்டது.

(புதுச்சேரிக்கே உரிய ஒரு விந்தை: 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம், 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. என் மாணவியின் குடும்பம் அத்தகையது. எனினும், சிறார் நீதிச் சட்டம் மதமும் குலமும் பாராதது. ஆகவே சிக்கல் எழவில்லை.)

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. விரைவு நல்லதே. ஆனால், ஆணை வந்த கையோடு கடவுச்சீட்டு, விசா, விமானம் என்று சில நாள்களில் எல்லாம் முடிந்துவிட்டால், மொழி, உணவு, வெயில், முகம் அத்தனையையும் ஒரே வாரத்தில் இழக்கும் குழந்தை, மொழி அறியாத இரு அந்நியருடன் விமானத்தில் அமர்கிறது. கைக்குழந்தை அழுது தீர்க்கும். ஏழு வயதுப் பிள்ளை பேசாமல் இருக்கும். அதை நல்ல பிள்ளை என்று நாம் மெச்சுவோம்.

ஆகவே, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, உப்பளத்தில் நிகழ்ந்தது போன்ற சில வார உடனிருப்பை விருப்பத் தேர்வாக விடாமல் பொது விதியாக்க வேண்டும். விடுப்புக்கும் தங்குவதற்கும் பணம் உள்ளவருக்கே இன்று அது வாய்க்கிறது. வளர்த்த பணிப்பெண் முறையாக விடைகொடுக்கவும், பின்னர் காணொலியில் பேசவும் வழி வேண்டும். தத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு அறிக்கைகள் முதலாண்டில் காலாண்டுக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் அரையாண்டுக்கு ஒன்று என்று இரண்டே ஆண்டுகளில் நின்றுவிடுகின்றன. ஏழு வயதில் சென்ற பிள்ளைக்கு உண்மையான சோதனை பதின்ம வயதில் வரும்.

அந்தச் சிறுமி முதல் வாரங்களில் தலையணைக்கடியில் சப்பாத்தி ஒளித்து வைத்தாள். தாய் அதை எடுத்தெறியவில்லை. படுக்கையருகே ஒரு டப்பாவில் பிஸ்கட் நிரப்பி, 'இது உன்னுடையது' என்றார். ஐந்தாம் வாரம் படியில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். திண்ணையில் நானும் பாட்டியும் இருந்தோம். எங்களைக் கடந்து, உள்ளே தாயைத் தேடி அழுதுகொண்டே ஓடினாள். பாட்டி என்னைப் பார்த்தார்; எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முதல் இரவுச் சோறு ஊட்டும் பொறுப்பு பாட்டிக்குத் தரப்பட்டது.