தூது சென்ற திருமேனிகள்

நாடுகளிடையே கலை தூது செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆயினும், ஆலயத்திலிருந்து களவாடப்பட்ட தெய்வத் திருமேனியே அத்தூதின் பொருளாகும்போது, அது அரசுகளின் விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அடியார்களின் கவலையும் ஆகின்றது.

தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் ஆலயத்து நடராசர் இதற்குத் தக்க சான்று. சோழர் காலத்து அத்திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே ஆலயத்து உமா பரமேசுவரியை அவ்வணிகரிடமிருந்தே சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ஆம் ஆண்டில் 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது.

2014 செப்டம்பர் 5ஆம் நாள், அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் புதுடில்லியில் நடராசரை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். அன்றே அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடும் கையெழுத்தாகி, ஆஸ்திரேலிய யுரேனியம் இந்தியாவுக்குச் செல்ல வழி பிறந்தது. ஒன்றுக்கு மற்றொன்று விலையெனக் கூறுதல் பொருந்தாது. எனினும், அந்த ஒப்படைப்பு அவ்வேளையில் நல்லெண்ணத்தை வளர்த்ததை மறுப்பதற்கில்லை. இந்திய-சிங்கப்பூர் அரசதந்திர உறவின் பொன்விழா ஆண்டான 2015இல், அக்டோபர் மாதம், சிங்கப்பூரும் உமையம்மையைத் திருப்பித்தர இசைந்தது.

ஆனால் நல்லெண்ணம் மட்டுமே திருமேனிகளை மீட்டுத் தந்துவிடவில்லை. விற்றவர் காட்டிய உரிமை வரலாறு பொய்யென நிறுவத் துணைநின்றவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களே. 1991ஆம் ஆண்டில் பத்தூர் நடராசர் வழக்கில், சிதைந்துபோன ஆலயத்திற்கும் தன் உடைமையைக் கோரும் தகுதி உண்டென இலண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. கோரும் உரிமை அவ்வாறு கிட்டினும், அதனை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும்.

தாயகம் திரும்பிய ஸ்ரீபுரந்தான் நடராசர் கும்பகோணத்திலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். அரசுகளுக்குக் கையளிப்போடு காரியம் முடிந்துவிடும். அடியார்க்கோ, ஆலயத்தில் எழுந்தருளி அபிடேகமும் தீபாராதனையும் கண்டருளும் நாளே மீட்சி நிறைவுறும் நாள்.

சுவாமிமலை போன்ற ஊர்களிலிருந்து உற்சவ மூர்த்திகளை வரவழைக்கும் இவ்வட்டார ஆலயங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு திருமேனியின் புகைப்படம், உயரம், எடை, உபயதாரர் விவரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் காத்தலும் இறைத்தொண்டே. திருவிழாக் காலத்தில் ஆலய நிர்வாகத்தினரும் புரவலர்களும் அதனைத் தொடங்குவார்களாயின், வருங்காலத் தலைமுறைக்கு அதுவே அரணாகும்.